ஏ சீட்டா, எஃப் சீட்டா?

பீனிக்ஸுக்குக் குடிவந்த புதிதில் வேலை விஷயமாக சால்ட் லேக் சிட்டிக்குப் போகவேண்டியிருந்தது. வழியில் கிராண்ட் கேன்யன் என்கிற மாபெரும் பள்ளத்தாக்கு வரும் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு, கூடுதலாகப் பணம் கட்டி ஜன்னலோர சீட் எடுத்தேன். 11 ஏ. உள்ளே போய் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, ஆசையாக இடப்பக்கம் திரும்பினால் சுவர். ஜன்னலே இல்லை. வழவழவென்று வெள்ளை பிளாஸ்டிக். அதில் யாரோ பேனாவால் ஒரு சின்னச் சதுரம் வரைந்து வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஏமாந்தவராக இருக்கும்.

முக்கால் மணி நேரம் கழித்து விமானி ஒலிபெருக்கியில் வந்தார். இடப்பக்கம் அமர்ந்திருப்பவர்கள் கிராண்ட் கேன்யனை நன்றாகப் பார்க்கலாம் என்றார். பின் வரிசையில் ஒரு குழந்தை கத்திய கத்தலில் அது எவ்வளவு நன்றாகத் தெரிந்தது என்று எனக்கும் புரிந்தது. இறங்கியதும் விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஜன்னலோரம் என்பது இருக்கை இருக்கும் இடத்தைத்தான் குறிக்கிறது, ஜன்னலைக் குறிக்காது என்று மரியாதையாகப் பதில் வந்தது. சட்டப்படி சரியாகத்தான் இருக்கும். எந்த சீட்டிலிருந்து கீழே நன்றாகத் தெரியும் என்று கணக்குப் போடுகிற இந்தப் பைத்தியம் அன்றைக்குப் பிடித்ததுதான். மாதத்துக்கு ஒரு தடவையாவது சால்ட் லேக் சிட்டிக்குப் போய்வருகிறவன் என்பதால் பைத்தியத்துக்குத் தீனியும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் சுவர் விவகாரம். போயிங் 737 விமானத்தில் குளிர்காற்றைத் தயாரிக்கிற கருவி வயிற்றுக்குள் இருக்கிறது. அங்கிருந்து காற்று நம் தலைக்கு மேலே வரவேண்டும். அந்தக் குழாய் ஏறுகிற இடத்தில் ஜன்னல் வெட்ட முடியாது. இறக்கை ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால், பத்து பதினொன்றாவது வரிசை வாக்கில், நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சீட் வாங்கும் முன் இருக்கை வரைபடம் காட்டும் தளம் ஏதாவதொன்றில் அந்த விமானத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டால் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காததற்கு நான் கொடுத்த விலை ஒரு கேன்யன்.

சுவர் இல்லாவிட்டாலும் இறக்கை இருக்கிறது. இறக்கை மேல் உட்கார்ந்தால் கீழே தெரிவது அலுமினியம். இறக்கைக்குப் பின்னால் போனால் பரவாயில்லை என்று பலர் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். ஆனால் 737, ஏர்பஸ் 320 இரண்டிலும் இன்ஜின் இறக்கைக்குக் கீழே தொங்குகிறது. அதிலிருந்து வரும் சூடான காற்று பின்னால் இருப்பவர் பார்வைக்குக் குறுக்கே ஓடும். மதிய நேரத்துத் தார்ச்சாலையில் நீர்போல அலையுமே, அதே அலை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாறையெல்லாம் கரைந்த மாதிரி இருக்கும். ஆகவே முன்னால் ஐந்திலிருந்து எட்டாவது வரிசைக்குள் கிடைத்தால் எடுப்பேன். காசு கட்டுப்படியாகாத அன்று, வாலிலிருந்து நான்காவது வரிசை. கடைசி வரிசை மட்டும் வேண்டாம், கழிவறைக்கு நிற்கும் வரிசை உங்கள் தோள்மேல்தான் சாய்ந்து நிற்கும்.

சில நாள் சின்ன ஜெட் வரும். அதில் இன்ஜின் வாலில் ஒட்டியிருக்கிற ரகமென்றால் முன்னால்தான் உட்காரவேண்டும். அந்த ரகத்தில் இன்னொரு தொல்லை, ஜன்னல் தாழ்வாக இருக்கும். ஒன்றரை மணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு இறங்கினால் கழுத்து இரண்டு நாள் திரும்பாது. எம்ப்ரேயர் 175 வந்தால் யோகம். இரண்டு இரண்டு சீட், பெரிய ஜன்னல், நடுவில் மாட்டிக்கொண்ட பாவப்பட்ட மனிதர் யாரும் கிடையாது.

சரி, இதெல்லாம் எந்த வரிசை என்கிற கேள்வி. எந்தப் பக்கம் என்பதுதான் உண்மையான கேள்வி.

பீனிக்ஸ் விமான நிலையமும் சால்ட் லேக் சிட்டி விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், மேற்கு 112 டிகிரியில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நூல் பிடித்தாற்போல நேர் வடக்கு, 815 கிலோமீட்டர். அதனால் கணக்கு சுலபம். போகும்போது இடக்கோடி ஏ என்றால் மேற்கு, வலக்கோடி எஃப் என்றால் கிழக்கு. மேற்கே கிராண்ட் கேன்யனின் பெரும்பகுதி, ஜயன், பிரைஸ் தேசியப் பூங்காக்கள். கிழக்கே செடோனாவின் சிவப்புப் பாறைகள், ஃபிளாக்ஸ்டாஃப் எரிமலைகள், கேன்யனின் ஆரம்பம், லேக் பவல் நீர்த்தேக்கம். யாரைக் கேட்டாலும் ஏ சீட் என்பார்கள். நானும் முதல் ஒரு வருடம் ஏ சீட்டாகவே எடுத்தேன். ஜன்னல் உள்ள ஏ சீட்.

ஜூன் மாதம் ஒருநாள் 12 மணி விமானம். இடப்பக்கம், ஏழாவது வரிசை, துடைத்துவைத்த கண்ணாடி, ஒரு மேகம்கூட இல்லை. இதைவிட என்ன வேண்டும்? கேன்யன் வந்தது. பார்த்தால், பழைய கோணிச் சாக்கை விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. மேடு எது பள்ளம் எது என்றே தெரியவில்லை. 1.6 கிலோமீட்டர் ஆழம் என்று புத்தகம் சொல்கிறது, கண்ணுக்கு அது ஒரு சாயம்போன படம். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்பதுபோலத் தன் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டார்.

அப்போதுதான் உறைத்தது. பாலைவனத்தில் மரம் கிடையாது, வீடு கிடையாது, நிறமும் நாலைந்துதான். அங்கே உருவத்தைக் கண்ணுக்குக் காட்டுவது நிழல் ஒன்றுதான். ஜூன் நண்பகலில் பீனிக்ஸில் சூரியன் 80 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கிறது. 100 மீட்டர் உயரக் குன்றுக்கு அப்போது 18 மீட்டர் நிழல்தான் விழும். 11 கிலோமீட்டர் மேலிருந்து அது கண்ணில் படுமா? அதே குன்றுக்கு, சூரியன் 10 டிகிரி உயரத்தில் இருக்கும் காலையில் 570 மீட்டர் நிழல். எறும்பு ஊர்ந்த தடம்போல இருந்த ஓடையெல்லாம் அப்போது கத்தியால் கீறினாற்போலத் தெரியும். பாலைக்கு உரிய சிறுபொழுது நண்பகல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். பிரிவைப் பாட அது சரியான பொழுதாக இருக்கலாம். ஜன்னலோரம் உட்கார ஆகாத பொழுது.

ஆகவே என் வரிசைமுறை தலைகீழானது. முதலில் நேரம், அப்புறம் பக்கம், அதற்கப்புறம்தான் சீட் எண். நேரம் கெட்டால் மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது.

காலை விமானமென்றால் சூரியன் கிழக்கே. எஃப் சீட்டில் இருப்பவர் சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பார்க்கிற திசையிலிருந்தே வெளிச்சம் வருவதால் ஜன்னலின் கீறல் ஒவ்வொன்றும் வெள்ளிக் கம்பியாக மின்னும், தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கல். ஆனால் நிழல்கள் அவரை நோக்கி நீளும், மேடுபள்ளம் எழும்பித் தெரியும். ஏ சீட்டில் இருப்பவருக்கு முதுகுப்பக்கம் சூரியன். சிவப்பு சிவப்பாகவே தெரியும், படம் எடுக்க ஏற்றது, ஆனால் நிழல்கள் பொருட்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிறம் வேண்டுமா, உருவம் வேண்டுமா என்பது அவரவர் ருசி. இரண்டும் சேர்ந்து கிடைப்பது வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது.

வடக்கு தெற்காகப் பறக்கும் விமானத்தில் வெளிச்சம் எப்போது பக்கவாட்டில் விழும்? சூரியன் தெற்கே இருக்கும்போது. அதாவது நண்பகலில். நண்பகல் ஆகாது என்று இப்போதுதானே சொன்னாய் என்பீர்கள். ஜூனில்தான் ஆகாது. டிசம்பர் கடைசியில் பீனிக்ஸில் நண்பகல் சூரியன் 33 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை, வடக்கே போகப்போக இன்னும் தாழும். விமானத்தின் வாலுக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டு பக்க ஜன்னலுக்கும் சமமாகப் பக்க வெளிச்சம் தருகிறது. குளிர்காலத்தில், அதுவும் ஒரு மழையோ பனியோ அடித்துக் கழுவிவிட்டுப் போன மறுநாள், காற்றில் தூசியும் இருக்காது. கோடையில் காட்டுத்தீப் புகை, ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை பருவமழை மேகம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏதோ பெரிய உண்மை அகப்பட்ட மாதிரி இருந்தது. மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்றாள்.

கணக்கைச் சோதிக்க ஆள் கிடைத்தது. போன டிசம்பரில் அப்பா வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் வயலும் வாய்க்காலுமாக எழுபது வருடம் இருந்தவர். அமெரிக்காவுக்கு வரும் பெற்றோரை லாஸ் வேகாஸுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் கூட்டிப்போய் கம்பியைப் பிடித்தபடி நிற்கவைத்துப் படம் எடுப்பது இங்கே காதுகுத்து மாதிரி ஒரு சடங்கு. அப்பாவுக்கு முழங்கால் வலி. நடக்கமுடியாது, ஐந்து மணி நேரம் காரில் உட்காரவும் முடியாது என்றார். சரி, மேலேயிருந்து காட்டிவிடலாம் என்று, என்னுடைய அடுத்த பயணத்தில் அவருக்கும் ஒரு டிக்கெட் எடுத்தேன். 11:40 விமானம். இரண்டு நாள் முன்புதான் மலையில் பனி கொட்டியிருந்தது.

எந்தப் பக்கம் என்று நிறைய யோசித்து எஃப் எடுத்தேன். கேன்யன் என்றால் ஏ தானே? ஆமாம். ஆனால் தஞ்சாவூர்க்காரருக்கு வெறும் பள்ளத்தைக் காட்டுவதைவிட அணையைக் காட்டுவது மேல் என்று தோன்றியது. தவிர, போகும்போதும் எஃப், வரும்போதும் எஃப் என்று ஒரே எழுத்தை எடுத்தால் விமானம் திரும்புவதால் இரண்டு பக்க நிலமும் பார்த்தாகிவிடும். போகும்போது ஏ எடுத்தால் வரும்போது எஃப் எடுத்து, பார்த்ததையே திரும்பப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும்.

கிளம்பியதும் வடக்கே திரும்பியது. கீழே நகரத்தின் கட்டங்கள், நீச்சல்குளங்களின் நீலப் புள்ளிகள், கோல்ஃப் மைதானங்களின் நம்பமுடியாத பச்சை. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து வெறும் பழுப்பு மலைகள். அப்புறம் திடீரென்று தரை ஒரு படி மேலே ஏறியது. மொகல்லான் ரிம் என்று பெயர். கொலராடோ பீடபூமியின் தெற்கு விளிம்பு. அரிசோனாவுக்குக் குறுக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஒரு மாபெரும் வாசற்படி என்று வைத்துக்கொள்ளலாம். படிக்குக் கீழே சிவப்பு, மேலே கறுப்புப் பச்சையாகப் பைன் காடு, காட்டுக்குள் வெள்ளையாகப் பனி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஃபிளாக்ஸ்டாஃப் தாண்டும்போது சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் கிட்டத்தில் வந்தன. மாநிலத்தின் உச்சி, 3,851 மீட்டர். சுற்றிலும் சின்னதும் பெரிதுமாக ஏறத்தாழ 600 எரிமலைக் கூம்புகள் கொண்ட வட்டாரம் அது. ஒவ்வொரு கூம்புக்கும் வடபுறம் நிழல், தென்புறம் வெயில். "கரையான் புத்து மாதிரில்ல இருக்கு" என்றார். இவ்வளவு நாள் பார்த்தும் எனக்குத் தோன்றாத உவமை. தொலைவில் கிழக்கே வின்ஸ்லோ பக்கம் விண்கல் விழுந்த குழி ஒன்று இருக்கிறது. 1.2 கிலோமீட்டர் குறுக்களவு, 50,000 வருடப் பழசு. நிழல் நன்றாக விழுந்த நாளில் மாவில் கட்டைவிரலை அழுத்தின மாதிரி தெரியும். அன்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. விமானம் கொஞ்சம் மேற்கே தள்ளிப் போயிருக்கலாம்.

அடுத்து வருவது எஃப் சீட்டுக்காரர்களுக்கு மட்டும். ஏ பக்கம் கேன்யனை அதன் முழு விரிவில் பார்க்கிறார்கள், அகலமான இடத்தில் 29 கிலோமீட்டர். நாம் பார்ப்பது அது பிறக்கிற இடம். பலகைபோல ஒரே சமமாகக் கிடக்கிற நிலத்தில் ஒரு விரிசல். மார்பிள் கேன்யன் என்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் காய்ந்த ஏரித் தரையில் வெடிப்பு ஓடுமே, அப்படி. மலைக்குள் பள்ளம் இருந்தால் கண் ஏற்றுக்கொள்கிறது. சமதரையில் ஓரம்கூட எழும்பாமல் கொலராடோ நதி நேராக உள்ளே இறங்கிப்போயிருப்பதைப் பார்த்தால்தான் வயிற்றில் ஏதோ செய்கிறது. கிழக்கிலிருந்து லிட்டில் கொலராடோ வந்து சேரும் இடமும் இந்தப் பக்கம்தான். வெள்ளம் இல்லாத நாளில் அந்தச் சின்ன ஆறு மயில்கழுத்து நிறத்தில் இருக்கும்.

"ஆறு எங்கடா?" என்று கேட்டார் அப்பா.

"அந்த வெடிப்புக்குள்ளப்பா."

"இதத் தோண்டினது அதுவா?"

"ஆமாப்பா. அம்பது அறுபது லட்சம் வருஷமா."

"காவேரி பரவால்ல" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை.

லேக் பவல் முன்பெல்லாம் தூரத்திலிருந்தே தெரியும். பேஜ் ஊருக்குப் பக்கத்தில் அனல்மின் நிலையத்தின் மூன்று புகைபோக்கிகள் அடையாளம் காட்டும். 2019-இல் நிலையத்தை மூடி, 2020 டிசம்பரில் புகைபோக்கிகளை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போது அடையாளம் தண்ணீர்தான். சிவப்புப் பாறைக்குள் கிளைகிளையாகப் புகுந்திருக்கிற கருநீலம். அந்தக் கிளைகளின் ஓரம் முழுக்க, நிலத்துக்கும் நீருக்கும் நடுவில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை.

அப்பா நெற்றியை ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். "என்னடா இது, வெள்ளையா கோடு போட்டாப்ல?"

"தண்ணி நின்ன அடையாளம்பா. முன்னாடி அது வரைக்கும் இருந்துச்சு. எறங்கினப்புறம் உப்பு பாறையில ஒட்டிக்கிச்சு."

"எத்தன அடி எறங்கியிருக்கு?"

எனக்கு நூறு அடிக்கு மேல் என்றுதான் தெரியும். சொன்னேன். மேட்டூரின் 120 அடியைத் தினமும் காலையில் செய்தித்தாளில் பார்த்து வாழ்ந்தவருக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. மேட்டூரே கிட்டத்தட்டக் காலியாகிற அளவு. அப்படியே பின்னால் சாய்ந்தார். அப்புறம் கேள்விமேல் கேள்வி. அணை எந்த வருஷம்? 1963-இல் தண்ணீர் தேக்க ஆரம்பித்தார்கள். எவ்வளவு உயரம்? 710 அடி. எத்தனை மாநிலத்துக்கு இந்த ஆறு? ஏழு மாநிலம், அதுக்கப்புறம் மெக்ஸிகோ. ஒப்பந்தம் உண்டா? 1922-இல் போட்டது. அன்றைக்கு ஆற்றில் ஓடுவதாக நினைத்துப் பங்கு பிரித்த அளவு தண்ணீர் பிறகு எப்போதும் தொடர்ந்து வந்ததில்லை. 2023 ஆரம்பத்தில் இந்த நீர்த்தேக்கத்தில் கால் பங்குகூட இல்லை. "சண்டை உண்டா?" என்றார். இல்லாமலா என்றேன். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. உலகத்தில் எங்கே போனாலும் ஆறு ஆறுதான் என்பதுபோல.

நடுவில் சின்னச் சின்ன விஷயங்கள், சொல்ல மறந்துவிடுவேன். போலரைஸ்டு குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்காதீர்கள். விமான ஜன்னல் இழுத்து வார்த்த அக்ரிலிக், அதன் வழியே அந்தக் கண்ணாடியில் பார்த்தால் வானவில் பட்டைகளாகத் தெரியும். படமெடுக்க நினைப்பவர் கறுப்புச் சட்டை போட்டுப் போகவேண்டும், வெள்ளைச் சட்டையின் பிம்பம் கேன்யன் நடுவில் மிதக்கும். ஜன்னலின் அடிப்பக்கம் ஒரு குண்டூசித் துளை இருக்கும். அதைச் சுற்றிப் பனிப்பூ பூக்கும். விமானத்தின் உட்புறத்துக்கும் ஜன்னல் அடுக்குகளின் இடைவெளிக்கும் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் துளை அது, பயப்பட ஒன்றுமில்லை. அப்பா விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது அடுத்த அடுக்கில் இருக்கிறது என்றேன். அதற்கப்புறமும் சுரண்டினார்.

பீனிக்ஸ் இருக்கும் அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதில்லை, சால்ட் லேக் சிட்டி இருக்கும் யூட்டா தள்ளிவைக்கும். ஆக ஏப்ரலில் இரண்டு ஊருக்கும் ஒரு மணி நேர வித்தியாசம், டிசம்பரில் இல்லை. சூரியன் இருக்கும் இடத்தைக் கணக்குப்போடும்போது இதில் நான் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

ஜன்னல் மறைப்பை இறக்கச் சொல்கிறவர்களைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். பட்டப்பகலில், ஒன்றரை மணி நேரப் பயணத்தில், பக்கத்து சீட்டில் இருப்பவர் படம் பார்க்க வெளிச்சம் இடைஞ்சலாக இருக்கிறது என்று கேட்கிறார். ஆரம்பத்தில் இறக்கிவிடுவேன். இப்போது சிரித்த முகத்துடன், பாதி இறக்குகிறேன் என்கிறேன். பாதி போதும், கீழே பார்க்கத்தானே.

ஏ சீட்டுக்காரர்களுக்கு ஒரு ஆறுதல் பரிசு உண்டு. கோடையில் காலை ஆறு மணி விமானத்தில் இடப்பக்கம் உட்கார்ந்து, ஏறுகிற முதல் பத்து நிமிடம் விமானத்தின் நிழல் விழும் இடத்தைத் தேடுங்கள். தரையில் புதர்கள் மேல் ஒரு வெளிச்சப் புள்ளி நம்மோடு கூடவே ஓடிவரும். யாரோ மேலிருந்து டார்ச் அடிக்கிற மாதிரி. மாயம் ஒன்றுமில்லை. சூரியன் சரியாக நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் அந்த ஓரிடத்தில் மட்டும் ஒவ்வொரு புதரும் தன் நிழலைத் தானே மறைத்துக்கொண்டு நிற்கிறது. நிழலே தெரியாத இடம் சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று தெரிகிறது. முதன்முதலில் பார்த்தபோது எங்கள் விமானத்திலிருந்துதான் விளக்கு அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். அதை வெளியில் சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டு நாள் கழித்துத் திரும்பும் விமானம் மாலை 3:30. எஃப் இப்போது மேற்கு. ஏறியதும் கிரேட் சால்ட் லேக் ஏரி. 1959-இல் ஏரிக்குக் குறுக்கே ரயில் பாதைக்காக மண்கரை போட்டார்கள். ஆறுகள் எல்லாம் தென்பாதியில் வந்து விழுவதால் வடபாதிக்கு நல்ல தண்ணீர் சரியாகப் போவதில்லை. அங்கே உப்பு ஏறி, உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, பாதி ஏரி இளஞ்சிவப்பாக இருக்கும். அன்று மாலை வெயிலில் தகடாகத்தான் மின்னியது. உடனே பிங்ஹாம் சுரங்கம், மலையையே தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி 1.2 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சுற்றுப்படிகள். அப்பாவுக்கு அதில் ஆர்வமில்லை.

வட்ட வயல்கள் வந்தபோதுதான் நிமிர்ந்தார். வெளிறிய தரையில் காசு அடுக்கினாற்போல வரிசையாக வட்டங்கள், மேலே லேசாகப் பனி.

"வட்டமா யார்ரா உழுறது?"

நடுவில் ஆழ்துளைக் கிணறு, அதிலிருந்து 400 மீட்டர் நீளத்துக்குச் சக்கரம் வைத்த குழாய், அது கடிகார முள்மாதிரி சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் என்று விளக்கினேன். நிலத்தை அரை மைல் சதுரமாகப் பிரித்திருப்பதால் ஒரு சதுரத்துக்கு ஒரு வட்டம். 125 ஏக்கர் நனையும், நாலு மூலை காயும். கொஞ்ச நேரம் மனசுக்குள் கணக்குப் போட்டார். "ஒரு வட்டம் பத்தொம்பது வேலிடா" என்றார். அப்புறம், "என்ன வெதப்பாங்க?" பெரும்பாலும் குதிரை மசால், மாட்டுத் தீவனம் என்றேன். "பாலவனத்துல போருத் தண்ணி எடுத்து, தீவனமா?" பதில் சொல்லத் தெரியாமல் பழச்சாறு வேண்டுமா என்று கேட்டேன்.

கேன்யன் வந்தபோது சூரியன் தென்மேற்கே நன்றாக இறங்கியிருந்தது. எதிர்வெளிச்சம். படமெடுக்க உதவாது என்று நான் எப்போதும் சொல்கிற வெளிச்சம். பள்ளம் முழுக்க நீல நிழல் நிரம்பியிருந்தது, மேடுகளின் தலைகள் மட்டும் வெளியே. திடீரென்று அடியில், இரண்டு திருப்பங்களுக்கு நடுவில், ஆறு வெயிலைப் பிடித்து ஒரு நொடி செப்புக்கம்பியாக மின்னி அணைந்தது. சூரியனைப் பார்த்து உட்கார்ந்தவருக்குத்தான் இது கிடைக்கும். அத்தனை பயணத்தில் நான் ஆற்றையே அவ்வளவு தெளிவாகப் பார்த்தது அன்றுதான். "இருக்கு" என்றார் அப்பா. ஆறு இருக்கிறது என்பதை அதுவரை அவர் முழுசாக நம்பவில்லை போலிருக்கிறது.

ஒருகாலத்தில் விமானிகள் பயணிகளுக்காகவே இந்தப் பள்ளத்தின் மேல் கொஞ்சம் வளைந்து காட்டிவிட்டுப் போவார்களாம். 1956 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் கிளம்பிய இரண்டு பயணி விமானங்கள் கேன்யனுக்கு மேல் மோதிக்கொண்டன. 128 பேர், ஒருவர்கூட மிஞ்சவில்லை. பயணிகளுக்கு நல்ல காட்சி காட்ட முயன்றதும் ஒருவரையொருவர் பார்க்காமல் போனதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை எழுதியது. அந்த விபத்துக்குப் பிறகுதான், 1958-இல், இந்த நாட்டின் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த இன்றைய அமைப்புக்கு அடித்தளமான சட்டம் வந்தது. இதை அப்பாவிடம் விமானத்துக்குள் சொல்லவில்லை. இன்று யாரும் நமக்காக வளைவதில்லை, ஜன்னலுக்கு வெளியே எது வருகிறதோ அதுதான். ஆகவேதான் இவ்வளவு கணக்கும்.

பீனிக்ஸில் இறங்கும் நேரம் பாதி இருட்டு. நகர விளிம்பில் வளைந்து வளைந்து ஒரு வெளிர் கோடு. அப்பாதான் முதலில் பார்த்தார்.

"வாய்க்காலா?"

"வாய்க்கால்தான்ப்பா. காலையில நீங்க பார்த்த ஆத்துலேர்ந்து வருது. மொத்தம் 540 கிலோமீட்டர். நடுவுல பம்ப் வச்சு கிட்டத்தட்ட 2,900 அடி மேல ஏத்துறாங்க."

"மேட்டுக்கா? தண்ணியயா?" என்று கேட்டுவிட்டு, சக்கரம் தரையில் தட்டும்வரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது காலையில் இல்லை, இரண்டு நாள் முன்பு என்பதை நானும் திருத்தவில்லை.

ஜனவரியில் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். முதலில் பேரன், அப்புறம் முழங்கால், அப்புறம் மேட்டூர். போன வாரம், "இங்க நூத்தி நாலு அடி. அங்க எவ்வளவு?" என்றார்.

"இந்த மாசம் பாக்கலப்பா. பதினாலாம் தேதி போறேன்."

"எந்தப் பக்கம் போட்டிருக்க?"

"வலப்பக்கம்தான். ஏழாவது வரிச."

"காலைலயா?"

"ஆறரைக்கு."

"கண்ணுல வெயிலடிக்குமேடா" என்றார். "பரவால்ல, பாத்துட்டு சொல்லு."